மீக்கடத்தி–ஃபெர்ரோகாந்த அடுக்குகளுக்கு எம்.பி.எம்.எஸ். 3 எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சிலிக்கான் துண்டின் மேல் 25 நானோமீட்டர் நியோபியம், அதன் மேல் 3 நானோமீட்டர் கோபால்ட். மீக்கடத்தியும் (குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) ஃபெர்ரோகாந்தமும் (இரும்பு போலத் தானே காந்தமாக நிற்கும் பொருள்) ஒட்டி நிற்கும் இப்படிப்பட்ட இரட்டைப் படலம் தயாரானதும் பல ஆய்வகங்களில் முதலில் கொண்டுபோய் வைப்பது குவாண்டம் டிசைன் நிறுவனத்தின் எம்.பி.எம்.எஸ். 3 காந்தமானியில்தான்; ஸ்குவிட் என்ற நுண்ணிய மீக்கடத்தி உணரியால் மாதிரியின் காந்தத்தை அளக்கும் கருவி அது. கோபால்ட் எவ்வளவு காந்தமாக இருக்கிறது என்று கேட்டால் இந்தக் கருவி துல்லியமாகச் சொல்லும். நியோபியம் எந்த வெப்பநிலையில் மீக்கடத்தியாகிறது என்பதையும் நன்றாகவே சொல்லும். இரண்டும் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்று கேட்டால்தான் சிக்கல். மாதிரியைப் பொருத்திய விதத்தையும் கருவியின் காந்தப்புலம் அதற்கு முன் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதையும் பொறுத்து, உண்மையும் வரும், நம்பும்படியான பொய்யும் வரும். இந்த மதிப்புரை அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது.

கருவியின் அடிப்படை விவரங்கள்: 1.8 முதல் 400 கெல்வின் வரை வெப்பநிலை, இரு திசையிலும் 7 டெஸ்லா வரை காந்தப்புலம், 2500 ஓர்ஸ்டெட்டுக்குக் (10,000 ஓர்ஸ்டெட் ஒரு டெஸ்லா) கீழே 10⁻⁸ இ.எம்.யு. (காந்தத் திருப்புத்திறனின் அலகு) அளவுக்கு நுண்ணுணர்வு, 9 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மாதிரி அறை. அளக்க இரண்டு முறைகள் உண்டு. வி.எஸ்.எம். (அதிர்மாதிரி காந்தமானி) முறையில் மாதிரி உணர்சுருளின் நடுவில் சுமார் 14 ஹெர்ட்ஸில் மேலும் கீழும் அதிர்கிறது. டி.சி. ஸ்கேனில் மாதிரி சில சென்டிமீட்டர் தூரம் மெதுவாக ஓடி, வரும் அலைவடிவம் முழுவதும் ஒரு புள்ளி இருமுனையின் வடிவத்தோடு பொருத்தப்படுகிறது. வேகத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. புலம் நொடிக்கு 700 ஓர்ஸ்டெட் வரை ஏறும். அறை வெப்பநிலையிலிருந்து 10 கெல்வினுக்கு வர அரை மணி நேரம்கூட ஆகாது.

இந்தப் படலங்களில் தேடப்படுவது என்ன? சாதாரண மீக்கடத்தியில் இணை சேரும் இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் எதிரெதிரானவை. ஃபெர்ரோகாந்தம் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். இரண்டு குணங்களும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பது ஏன் கடினம் என்று கின்ஸ்பர்க் 1956இலேயே எழுதிவிட்டார். அடுக்குகளாகப் பிரித்து வைத்தால் வேறு கதை தொடங்குகிறது. எலக்ட்ரான் இணைகள் எல்லையைத் தாண்டி காந்தத்துக்குள் நுழைகின்றன. கோபால்ட் போன்ற வலுவான காந்தத்தில் சில நானோமீட்டருக்குள் அவை ஏறி இறங்கி அலைந்தபடியே மடிந்துவிடுகின்றன. அந்த அலைவுதான் 1995இல் நியோபியம்–கடோலினியம் அடுக்குகளில் மாறுநிலை வெப்பநிலை (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) ஏறி இறங்கியதாகத் தெரிந்தது. 2001இல் செம்பு–நிக்கல் கலவையை நடுவில் வைத்த நியோபியம் சந்திகளில் பை-சந்தியாக (இரு பக்க மீக்கடத்திகளின் அலைக் கட்டம் 180 பாகை வேறுபடும் சந்தி) வெளிப்பட்டது. இவற்றைத் தவிர, காந்தப் படலத்தின் ஓரங்களிலிருந்தும் டொமைன்களுக்கு (ஒரே திசையில் காந்தமான சிறு பகுதிகளுக்கு) இடையிலுள்ள சுவர்களிலிருந்தும் கசியும் சிதறல் புலமும் மீக்கடத்தியைத் தாக்கும். இணைகள் கலப்பதால் வரும் விளைவு (அருகமை விளைவு), சிதறல் புலத்தால் வரும் விளைவு ஆகிய இரண்டையும் காந்தமானி தானாகப் பிரித்துக் காட்டாது. மொத்தத் திருப்புத்திறன் (மாதிரி முழுவதன் காந்த வலிமை) என்ற ஒரே எண்ணைத்தான் அது தரும்.

அந்த எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அளக்கத் தொடங்குவது நல்லது. 4 மி.மீ. × 4 மி.மீ. துண்டில் 3 நானோமீட்டர் கோபால்ட்டின் தெவிட்டிய (இனி ஏற முடியாத உச்ச) திருப்புத்திறன் சுமார் 6.9 × 10⁻⁵ இ.எம்.யு. கருவியின் எல்லையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது, கவலையே இல்லை. ஆனால் அதைத் தாங்கும் அரை மில்லிமீட்டர் சிலிக்கான், டயாகாந்தமாக ஒரு ஓர்ஸ்டெட்டுக்குச் சுமார் 2 × 10⁻⁹ இ.எம்.யு. எதிர்த்திசையில் தருகிறது. 7 டெஸ்லாவில் அது 1.4 × 10⁻⁴; அதாவது காந்தப் படலத்தைப் போல இரண்டு மடங்கு. கோபால்ட் ஒரு டெஸ்லாவுக்குள்ளேயே தெவிட்டிவிடும்போது தளத்துக்கு இணையான புலத்தை 7 டெஸ்லா வரை கொண்டுபோவதில் லாபமில்லை, அடியில் இருக்கும் சிலிக்கானைத்தான் அளந்துகொண்டிருப்போம். 1 டெஸ்லாவரை போய், உயர் பகுதியின் நேர்கோட்டுச் சரிவைக் கழித்தால் போதும். இதன் இன்னொரு நன்மை கீழே வருகிறது.

காந்தத்தின் பக்கத்தை மட்டும் அளப்பதில் எம்.பி.எம்.எஸ். 3 உண்மையிலேயே சிறந்த கருவி. நியோபியத்தோடு தொடும் இடத்தில் காந்தப் படலத்தின் ஒரு பகுதி காந்தத்தன்மை இழந்திருக்கும். இந்தச் செத்த அடுக்கைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கொள்கைக் கணக்கும் ஒத்துவராது. 1, 2, 3, 5, 8 நானோமீட்டர் என்று ஒரே ஓட்டத்தில் படிய வைத்த வரிசையை எடுத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கான திருப்புத்திறனைத் தடிமனுக்கு எதிராக வரையுங்கள். கோட்டின் சரிவு தெவிட்டு காந்தமாக்கத்தைத் தரும். கோடு கிடை அச்சை வெட்டும் இடம் செத்த அடுக்கின் தடிமன். இங்கே பிழை கருவியிலிருந்து வருவதில்லை, வைர முனையால் வெட்டிய துண்டின் பரப்பிலிருந்து வருகிறது. 4 மி.மீ. பக்கத்தில் 0.1 மி.மீ. தவறினால் 2.5 விழுக்காடு போய்விட்டது. நுண்ணோக்கியில் படமெடுத்துப் பரப்பைக் கணக்கிடுங்கள். அளவுகோலை நம்ப வேண்டாம்.

இனி மீக்கடத்தியின் பக்கம். இங்கேதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. புலம் தளத்துக்கு இணையாக இருக்கும்போது, 25 நானோமீட்டர் படலம் புலத்தை வெளியே தள்ளுவது மிகமிகக் குறைவு. காரணம், புலம் ஊடுருவும் ஆழம் படலத்தின் தடிமனைவிடப் பல மடங்கு பெரியது. அந்த ஆழத்தை 100 நானோமீட்டர் என்று கொண்டால், 10 ஓர்ஸ்டெட்டில் வர வேண்டிய மைஸ்னர் சிக்னல் (மீக்கடத்தி புலத்தை வெளியே தள்ளுவதால் வருவது) சுமார் 1.7 × 10⁻⁹ இ.எம்.யு. மட்டுமே. கருவியின் எல்லைக்கும் கீழே. ஆனாலும் இணையான புலத்தில் எடுத்த வரைபடங்களில் 10⁻⁶, 10⁻⁵ என்று அழகான வீழ்ச்சி தெரிகிறது. எங்கிருந்து வந்தது?

சாய்விலிருந்து. அதே படலத்துக்குச் செங்குத்தாகப் புலம் வந்தால், 2 மி.மீ. ஆரமுள்ள வட்டமாகக் கணக்கிட்டால்கூட, ஒரு ஓர்ஸ்டெட்டுக்கு 1.7 × 10⁻³ இ.எம்.யு. எதிர்ப்பு உண்டாகும். மாதிரி ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால் 10 ஓர்ஸ்டெட்டில் அச்சு வழியே வரும் பங்கு 5 × 10⁻⁶. எதிர்பார்த்த சிக்னலைப் போல மூவாயிரம் மடங்கு! இதோடு, அச்சுக்குக் குறுக்கே 3 × 10⁻⁴ இ.எம்.யு. திருப்புத்திறனும் நிற்கிறது. மாதிரி உணர்சுருளின் மையக் கோட்டிலிருந்து சிறிது விலகியிருந்தாலும் இந்தக் குறுக்குப் பங்கு சிக்னலுக்குள் நுழைந்து, டி.சி. அலைவடிவத்தை இடம் வலம் சமமில்லாமல் ஆக்கிவிடும். மென்பொருள் அப்போதும் ஒரு எண்ணைத் தரும். பொருத்தத் தரத்தையும் மூல அலைவடிவக் கோப்பையும் திறந்து பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே இணைப் புலத்தில் கிடைக்கும் வீழ்ச்சி மாறுநிலை வெப்பநிலையைச் சொல்லும். மைஸ்னர் விளைவின் அளவைச் சொல்லாது. கோபால்ட் சேர்த்ததும் எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது என்று இரண்டு மாதிரிகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. இரண்டும் எத்தனை பாகை சாய்ந்திருந்தன என்பதையே அது ஒப்பிடுகிறது. குவார்ட்ஸ் தண்டின் தட்டைப் பகுதியில் ஜி.இ. வார்னிஷைத் (குளிர் அளவீடுகளில் ஒட்டப் பயன்படும் பசை) துளியாக வைக்காமல் மெல்லிய பூச்சாகத் தடவி, மாதிரியை அழுத்தி, காயும்வரை தண்டைக் கிடையாகவே வையுங்கள். இவ்வளவு செய்தாலும் அரைப் பாகைக்குக் கீழே போவது கடினம். மீக்கடத்தியின் வலிமையைத்தான் ஒப்பிட வேண்டும் என்றால் செங்குத்தாகப் பொருத்தி 1 ஓர்ஸ்டெட் அல்லது அதற்கும் குறைவான புலத்தில் அளப்பதே நேர்மையான வழி. 10 ஓர்ஸ்டெட் செங்குத்தாகக் கொடுத்தால் இவ்வளவு மெல்லிய படலத்தில் சுழல்கள் (காந்தப் பாயத்தைச் சுமந்து நுழையும் நுண்ணிய மின்னோட்டச் சுழிப்புகள்) ஓரத்திலிருந்து முழுக்க நுழைந்துவிடக்கூடும். அப்போது அளப்பது மாறுநிலை மின்னோட்டத்தை, அதாவது மீக்கடத்தி தடையின்றித் தாங்கும் உச்ச மின்னோட்டத்தை.

அடுத்த சிக்கல், இந்த வகைக் காந்தங்கள் எல்லாவற்றுக்கும் பொது. திரையில் தெரியும் புலம் நேரடியாக அளக்கப்பட்டதல்ல. சுருளில் ஓடும் மின்னோட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டது. புலத்தை உண்டாக்கும் சுருளே மீக்கடத்திக் கம்பியால் ஆனது என்பதால் அதற்குள்ளும் பாயம் (காந்தப்புலக் கோடுகள்) சிக்கிக்கொள்கிறது. 7 டெஸ்லா வரை போய்த் திரும்பி வந்து திரையில் 0 என்று தெரியும்போது, மாதிரி இருக்கும் இடத்தில் எதிர்த்திசையில் சில பத்து ஓர்ஸ்டெட் வரை இருக்கலாம். நிரந்தரக் காந்தத்துக்கு இது பொருட்டே அல்ல. பெர்மலாய் (நிக்கல்–இரும்புக் கலவை) போன்ற மென்காந்தப் படலத்தின் மாறுபுலமே (காந்தமாக்கம் திசை மாறும் புலம்) சில ஓர்ஸ்டெட்தான் என்பதால், அதன் காந்தத் தயக்க வளையம் (புலம் ஏறி இறங்கும்போது திருப்புத்திறன் வரையும் மூடிய கோடு) தலைகீழாகத் தெரியும். இறங்கும் கிளை இடப்பக்கம் வெட்ட வேண்டியது வலப்பக்கம் வெட்டும். மீக்கடத்திக்கு அருகில் வைத்த படலத்தில் இப்படி ஒரு தலைகீழ் வளையம் வந்தால், அதைப் புதிய இயற்பியலாக எண்ணிவிடுவது எளிது. புலமின்றிக் குளிர்வித்ததாக நினைத்த மாதிரி 20 ஓர்ஸ்டெட்டில் குளிர்ந்திருந்தால், மீக்கடத்தி நிலைக்குள் போனதும் திருப்புத்திறன் மேலே ஏறும். காந்த அடுக்குதான் பாராகாந்த மைஸ்னர் விளைவைத் (மீக்கடத்தி புலத்தை எதிர்க்காமல் அதன் திசையிலேயே காந்தமாவது) தூண்டியது என்று எழுதத் தோன்றும். வெறும் நியோபியத் தட்டுகளிலேயே அந்த ஏற்றம் காணப்பட்டிருக்கிறது என்பதையும், பாயம் உள்ளே அமுக்கப்படுவதால் அது வரக்கூடும் என்று கோஷெலெவும் லார்க்கினும் 1995இல் காட்டியதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு விலை அதிகமில்லாதது: பல்லேடியம். 298 கெல்வினில் அதன் காந்த ஏற்புத்திறன் (புலத்துக்கு ஏற்ப எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) ஒரு கிராமுக்கு ஒரு ஓர்ஸ்டெட்டுக்கு 5.25 × 10⁻⁶ இ.எம்.யு. கால் கிராம் துண்டு ஒவ்வொரு ஓர்ஸ்டெட்டுக்கும் 1.3 × 10⁻⁶ தருவதால், 20 ஓர்ஸ்டெட் மிச்சப் புலம் 2.6 × 10⁻⁵ ஆகத் தெளிவாகத் தெரியும். உங்கள் மாதிரிக்குப் பயன்படுத்திய அதே புல வரிசையை, அதே ஏற்ற வேகத்தில், அதே நிறுத்தங்களோடு பல்லேடியத்தில் ஓட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் உண்மைப் புலத்தைக் கணக்கிட்டு, மாதிரியின் தரவில் திரைப் புலத்துக்குப் பதிலாக அதை வையுங்கள். வரிசை மாறினால் திருத்தமும் செல்லாது. உயர் புலத்துக்கே போகாமல் 1 டெஸ்லாவோடு நிறுத்தினால் மிச்சப் புலமும் சிறிதாகவே இருக்கும். மேலே சொன்ன இன்னொரு நன்மை இதுதான். குளிர்விப்பதற்கு முன் காந்தத்தை ரீசெட் செய்வதும், புலத்தைச் சுழிக்குக் (பூஜ்யத்துக்குக்) கொண்டுவரும்போது நேராக இறக்காமல் இரு பக்கமும் ஆட்டி ஆட்டிக் குறைக்கும் முறையைத் தேர்வதும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வி.எஸ்.எம். முறையின் வேகம் மயக்கும். ஆனால் மீக்கடத்தியை அதிர வைக்கும்போது, அது ஓடும் தூரத்தில் புலம் சற்றே மாறினாலும் ஒவ்வொரு அதிர்விலும் சிறிய காந்தத் தயக்க வளையத்தை அது சுற்றிவிடுகிறது. மிச்சப் புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் குறைந்த புலத்தில் இது மோசம். வீச்சை 8 மி.மீ. வரை வைக்க முடியும் என்பதால் வைக்க வேண்டியதில்லை, 1 மி.மீ.யில் ஒரு முறை, 4 மி.மீ.யில் ஒரு முறை எடுத்து, இரண்டும் ஒத்துவராவிட்டால் 30 மி.மீ. டி.சி. ஸ்கேனுக்கு மாறி அலைவடிவத்தைப் பாருங்கள். தானியங்கி மையப்படுத்தலிலும் ஒரு கண் வேண்டும். மாறுநிலை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே கோபால்ட்டின் நேர்க்குறிச் சிக்னலும் நியோபியத்தின் எதிர்க்குறிச் சிக்னலும் ஒன்றையொன்று அழிக்கும் ஒரு புள்ளி வரும். அங்கே மையம் தேடச் சொன்னால் கருவி எங்கோ போய் நிற்கும். 12 கெல்வினில், கோபால்ட் தெவிட்டிய நிலையில் மையத்தைப் பிடித்து, அங்கேயே நிறுத்திவைப்பது பாதுகாப்பு.

சுத்தத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம், சில பொருள்களின் பெயரே போதும். எஃகு இடுக்கி விளிம்பில் உரசினால் 10⁻⁶ அளவில் ஃபெர்ரோகாந்தச் சிக்னல் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் இடுக்கி பயன்படுத்துங்கள். கேப்டன் (Kapton) என்ற பாலிஇமைட் டேப்பில் காந்த மாசு இருக்கலாம். படிய வைக்கும்போது துண்டின் முதுகில் ஒட்டிய இண்டியம் 3.4 கெல்வினிலும், ஈயச் சால்டர் 7 கெல்வினை ஒட்டியும் தாமே மீக்கடத்தியாகி, நியோபியத்தின் வரைபடத்தில் இரண்டாவது படிக்கட்டு போலத் தெரியும். அந்தப் படிக்கட்டை அருகமை விளைவு என்று விளக்கிவிடாதீர்கள்.

சிதறல் புலத்தையும் அருகமை விளைவையும் பிரிக்கும் வேலையைக் கருவி செய்யாது என்றோம். மாதிரித் தொகுப்புதான் செய்ய வேண்டும். குறைந்தது மூன்று துண்டுகள் தேவை: வெறும் நியோபியம், நியோபியம்–கோபால்ட், நடுவில் 5 நானோமீட்டர் மின்காப்பு அடுக்கு வைத்த நியோபியம்–கோபால்ட். மின்காப்பு அடுக்கு எலக்ட்ரான் இணைகள் கடப்பதைத் தடுக்கும், சிதறல் புலத்தைத் தடுக்காது. மூன்றாவது துண்டிலும் மாறுநிலை வெப்பநிலை குறைந்தால் அந்தக் குறைவு சிதறல் புலத்தின் வேலை. இந்த மூன்றாவது துண்டு இல்லாத தரவைக் காந்தமானியில் எத்தனை நாள் அளந்தாலும் பதில் கிடைக்காது. திருப்புத்திறன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கும் இது கருவி அல்ல. அதற்குக் குறையாற்றல் மியூவான் சுழற்சியும் முனைவாக்கிய நியூட்ரான் எதிரொளிப்பும் உள்ளன.

அடுக்குகளை இயற்கையே கட்டிக் கொடுத்த படிகங்களுக்கு வந்தால் இந்தக் கருவி மறுபடியும் பிரகாசிக்கிறது. யூரோப்பியம், ருபிடியம், இரும்பு, ஆர்செனிக் சேர்ந்த 1144 வகைப் படிகம் (அந்தத் தனிமங்களின் அணுக்கள் 1:1:4:4 விகிதத்தில்) நல்ல உதாரணம். 36.5 கெல்வினை ஒட்டி மீக்கடத்தியாகிறது. 15 கெல்வினில் யூரோப்பியம் அடுக்குகள் காந்த ஒழுங்குக்கு வருகின்றன. மீக்கடத்தல் அப்போதும் அழிவதில்லை. ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் திருப்புத்திறன்கள் ஒரே திசையில், அடுத்த அடுக்கில் 90 பாகை திரும்பி, சுருள்படி போலப் போகின்றன. ஒரு மில்லிகிராம் படிகத்தில் யூரோப்பியம் தெவிட்டினால் சுமார் 0.05 இ.எம்.யு.; கருவியின் 10 இ.எம்.யு. உச்சத்துக்குள் வசதியாக அடங்கும். ஏறும் கிளை, இறங்கும் கிளை இரண்டின் சராசரி யூரோப்பியத்தின் பங்கு, வித்தியாசம் மீக்கடத்தியின் மாறுநிலை மின்னோட்டம் என்று பிரிப்பது வழக்கம். உயர் புலத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. சுழிப் புலத்துக்கு அருகில் நம்ப வேண்டாம்: சுழல்கள் சிக்கியிருப்பதால் படிகத்துக்குள் புலம் இடத்துக்கு இடம் வேறு, யூரோப்பியமும் அதற்கேற்ப இடத்துக்கு இடம் வேறாகக் காந்தமாகிறது, இரண்டு பங்குகளும் வெறும் கூட்டலாக இருப்பதில்லை.

ருத்தேனியம்-1212 என்ற செம்பு ஆக்சைடை அளப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ருத்தேனியம் அடுக்குகள் 135 கெல்வின் அளவில் காந்த ஒழுங்கு பெற, செம்பு அடுக்குகள் 45 கெல்வின் வாக்கில் மீக்கடத்துகின்றன. மாதிரி அறையில் காற்று கசிந்தால் உறைந்த ஆக்சிஜன் 43.8 கெல்வினில் நிலை மாறி, காந்த ஏற்புத்திறனில் ஒரு தாவலைத் தரும். தேடும் இடத்திலேயே போலி காத்திருக்கிறது. மாதிரியை ஏற்றியதும் 300 கெல்வினில் மூன்று முறை ஹீலியத்தால் அறையைக் கழுவுங்கள். உறிஞ்சுகுழல் (ஸ்ட்ரா) தாங்கி என்றால் உள்ளே காற்று அடைபடாமல் ஊசியால் துளையிடுங்கள்.

தற்சுழற்சி வால்வு (spin valve) அடுக்குகளுக்கு, அதாவது இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே மீக்கடத்தி வைத்தவற்றுக்கு, இதைப் பரிந்துரைக்க முடியாது. காந்தங்கள் ஒரே திசையில் இருக்கும்போதும் எதிரெதிராக இருக்கும்போதும் மாறுநிலை வெப்பநிலையில் வரும் வேறுபாடு சில மில்லிகெல்வினிலிருந்து சில பத்து மில்லிகெல்வின் வரைதான். கருவிக்குச் சொல்லப்படும் வெப்பநிலை நிலைப்பு ±0.5 விழுக்காடு, 5 கெல்வினில் அது 25 மில்லிகெல்வின். நடைமுறையில் இதைவிட நன்றாகவே நிற்கிறது என்றாலும், சிக்னலைப் படிக்கப் புலம் கொடுக்க வேண்டும், அந்தப் புலமே காந்தங்களைத் திருப்பிவிடும். நான்கு முனை மின்தடை அளவீடுதான் சரியான வழி. காந்தமானியில் காந்தங்கள் எந்தப் புலத்தில் திரும்புகின்றன என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளலாம்.

கூடுதல் இணைப்புகளில் இந்தத் துறைக்குப் பணம் போட வேண்டியது மீக்குறை புல வசதிக்கே. ஃப்ளக்ஸ்கேட் என்ற சிறு புலங்களை அளக்கும் உணரியை மாதிரி அறைக்குள் இறக்கி மிச்சப் புலத்தை அளந்து, 0.05 காஸ் (இங்கே ஓர்ஸ்டெட்டுக்குச் சமம்) அளவுக்குள் அழித்துவிடுகிறது. உணரி உள்ளே இருக்கும்போது மாதிரி வெளியேதான் இருக்க வேண்டும். அழித்த பிறகு புலத்தை உயர்த்தினால் செய்த வேலை வீண். அப்படியென்றால் கோபால்ட்டை எப்படிக் காந்தமாக்குவது? வெளியிலேயே. துண்டின் தளத்துக்கு இணையாக, வேண்டிய திசையில், ஒரு நியோடிமியம் காந்தத்தை அருகில் கொண்டுவந்து மெதுவாக நேராக விலக்கி, தண்டில் ஒட்டி, பிறகு சுழிப் புலத்தில் இறக்கிக் குளிர்வியுங்கள். விலக்கும்போது காந்தத்தைத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பினால் படலம் டொமைன்களாக உடைந்து, வேண்டாத சிதறல் புலத்தோடு உள்ளே போகும்.